மயக்கத்துக்கு இங்கிலீஷில் என்ன? நோய், சுற்றுச்சூழல் சொற்களைக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரம்பூரில் ஒரு மாடி அறையில் சாயங்கால வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதப் போகிறவர்கள். மீதிப் பேர் மெடிக்கல் கோடிங் பக்கம், அதாவது டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து நோய்க்கான குறியீட்டு எண் போடும் வேலைக்கு, போக நினைப்பவர்கள், ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள், குரூப் தேர்வுக்குப் படிப்பவர்கள். போன ஐப்பசியில் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், மயக்கத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"எந்த மயக்கம்?" என்றேன்.

"மயக்கம்னா மயக்கம்தான் மிஸ்."

அங்கேதான் சிக்கல். தலை சுற்றினாலும் நாம் மயக்கம் என்கிறோம், அது 'டிஸ்ஸினஸ்'. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் மயக்கம், அது 'லைட்ஹெடட்'. நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம், அது 'ஃபெயின்டிங்'. சளி மாத்திரை போட்டுக் கண் சொக்கினாலும் மயக்கம்தான், அது 'ட்ரௌஸினஸ்'. ஆபரேஷனுக்கு முன் கொடுப்பது மயக்க மருந்து, அது 'அனஸ்தீசியா'. தலை சுற்றிய நோயாளியை நர்ஸ் 'ஃபெயின்டட்' என்று எழுதிவிட்டால் டாக்டரின் அடுத்த கேள்வியே மாறிவிடும்.

பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: இந்தத் துறையில் நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் தெரியாததால் வருவதில்லை. தமிழில் எதைச் சொல்ல வருகிறோம் என்று நின்று யோசிக்காததால் வருகின்றன. அகர வரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. நான் வகுப்பில் போகும் வரிசையை அப்படியே தருகிறேன்.

முதல் படி: தமிழ்ச் சொல்லை உடையுங்கள்

'பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு' என்று வாசலில் வேப்பிலை செருகினால் தெருவுக்கே புரியும். ஆங்கிலத்தில் அம்மைக்கு ஒரே சொல் கிடையாது. நீர் கோத்த கொப்புளமாக வரும் சின்னம்மை 'சிக்கன்பாக்ஸ்'. காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு செந்தடிப்பாக வரும் தட்டம்மை 'மீசில்ஸ்'. கன்னம் வீங்கும் அம்மைக்கட்டு 'மம்ப்ஸ்'. உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாக எரிச்சலோடு கிளம்பும் அக்கி 'ஷிங்கிள்ஸ்'. இதில் ஒரு பள்ளம் உண்டு, வருஷா வருஷம் யாராவது விழுவார்கள்: சின்னம்மையை 'ஸ்மால்பாக்ஸ்' என்று எழுதிவிடுவார்கள். நமக்குப் பெரியம்மையாக இருந்ததுதான் அவர்களுக்கு 'ஸ்மால்'. அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-லேயே அறிவித்துவிட்டது. உங்கள் பையனுக்கு ஸ்மால்பாக்ஸ் என்று பள்ளிக்கு லீவ் லெட்டர் கொடுத்தால் உலகச் செய்தியாகிவிடும்.

மஞ்சள் காமாலையும் இப்படித்தான். நாம் அதை ஒரு நோய் என்று நினைக்கிறோம். ஆங்கிலத்தில் 'ஜாண்டிஸ்' என்பது கண்ணும் தோலும் மஞ்சளாகிற அடையாளம் மட்டும். அதன் பின்னால் இருக்கும் நோய் பல நேரம் 'ஹெபடைடிஸ்', அதாவது ஈரல் அழற்சி. அழுக்கான தண்ணீரால் பரவுவது ஏ, ஈ வகைகள். பி வகை ரத்தம் வழியாகவும் உடலுறவு வழியாகவும் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும்.

எலிக்காய்ச்சலை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் 'ரேட் ஃபீவர்'. நம் ஊர்ப் பத்திரிகைகளில் அப்படி வரும்தான், வெளியூர் டாக்டருக்கு விளங்காது. சரியான பெயர் 'லெப்டோஸ்பைரோசிஸ்'. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் வெட்டுக்காயத்தோடு நடந்தால் தொற்றக்கூடியது. 'ரேட் பைட் ஃபீவர்' என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறு நோய்.

உண்ணிக்காய்ச்சலுக்கு 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்று பெயர். இங்கே 'உண்ணி'யையே உடைக்க வேண்டும். நாய் மேல் ஒட்டியிருக்கும் உண்ணி 'டிக்'. இந்தக் காய்ச்சலைத் தருவது அதைவிடப் பொடிசான 'மைட்' என்பதன் இளம்பருவம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், அதன் பெயர் 'எஸ்கார்'. டைஃபஸ் வேறு, தண்ணீராலும் உணவாலும் வரும் 'டைஃபாய்டு' வேறு. 'ஆய்டு' என்ற வாலுக்கு 'போன்றது' என்று பொருள். டைஃபஸ் மாதிரி இருக்கிறதே என்று வைத்த பெயர்தான் டைஃபாய்டு. பெயர் வைத்தவர்களே குழம்பியிருக்கிறார்கள், நாம் குழம்பினால் குற்றமில்லை.

அப்புறம் இந்தச் 'சூடு'. உடம்பு சூடு என்பதை 'பாடி ஹீட்' என்று சொல்லி எந்த வெளிநாட்டு டாக்டரையும் நகர்த்த முடியாது. உங்களுக்கு நடந்தது என்ன? சிறுநீர் போகும்போது எரிகிறதா, 'பர்னிங் வென் ஐ பாஸ் யூரின்'. தொடையில் கட்டி கிளம்பியதா, 'பாயில்'. வாயில் புண்ணா, 'மவுத் அல்சர்'. சூடு என்பது நம் விளக்கம். டாக்டருக்கு வேண்டியது நடந்தது மட்டும்.

இரண்டாம் படி: ஒரு சொல்லுக்கு மூன்று வரி

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வரி விடுங்கள். முதல் வரியில் வீட்டில் பாட்டி சொல்லும் தமிழ். இரண்டாவதில் சாதாரண மனிதர் பேசும் ஆங்கிலம். மூன்றாவதில் டாக்டர் எழுதும் ஆங்கிலம். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

வயித்தால போகுது. 'டயரியா' என்று நோயாளியும் சொல்லலாம், டாக்டரும் எழுதலாம். நம் 'லூஸ் மோஷன்' இந்தியாவுக்குள்தான் செல்லும்.
மூக்குல ரத்தம் வருது. பேச்சில் 'நோஸ்ப்ளீட்', கேஸ் ஷீட்டில் 'எபிஸ்டாக்சிஸ்'.
நீர்க்கடுப்பு. பேச்சில் 'பர்னிங்' என்ற மேலே சொன்ன வாக்கியம், ஷீட்டில் 'டிஸ்யூரியா'.
மூச்சு வாங்குது. பேச்சில் 'ஷார்ட் ஆஃப் ப்ரெத்', ஷீட்டில் 'டிஸ்ப்னியா'.
இளைப்பு, அதாவது விசில் அடிப்பது போன்ற மூச்சு. இரண்டிலும் 'வீஸிங்'.
கை மரத்துப்போச்சு. பேச்சிலும் ஷீட்டிலும் 'நம்ப்னஸ்'. ஊசி குத்துவது போல இருந்தால் 'டிங்க்ளிங்'.

மூன்றாவது வரியை மட்டும் படித்துவிட்டு நோயாளியிடம் 'டு யூ ஹேவ் டிஸ்யூரியா' என்று கேட்கும் நர்ஸ் பரிதாபம். இரண்டாவதோடு நின்றுவிட்ட கோடிங் மாணவரும் பரிதாபம்தான். எந்த வரி எங்கே பேசப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியாவுக்குள் மட்டும் புழங்கும் சொற்களுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். 'மெட்ராஸ் ஐ' அதில் முதலாவது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கியிருக்கிறதே என்று பெருமைப்படலாம், லண்டனில் போய்ச் சொன்னால் முழிப்பார்கள். அங்கே 'பிங்க் ஐ' அல்லது 'கன்ஜங்டிவைடிஸ்'. 'எனக்கு ஷுகர் இருக்கு', 'பிரஷர் இருக்கு', 'கிட்டினஸ்', 'கேஸ் ட்ரபிள்' எல்லாவற்றுக்கும் நட்சத்திரம்தான். வாரம் தோறும் அந்த நட்சத்திரங்களை மட்டும் ஒருமுறை புரட்டுங்கள்.

மூன்றாம் படி: சென்னையின் வருஷத்தைப் பாடத்திட்டமாக வையுங்கள்

இதைத்தான் நான் ரொம்ப நம்புகிறேன். கண்ணெதிரே நடப்பதோடு ஒட்டிய சொல் மறக்காது. நம் ஊரில் நோயும் பருவமும் கைகோத்துக்கொண்டுதான் வரும், ஆகவே நாட்காட்டியே போதும்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கொசுப் பாடம். போன கார்த்திகையில் எங்கள் வீட்டுக்கு மாநகராட்சியின் டிபிசி பணியாளர் வந்தார். 'டொமெஸ்டிக் ப்ரீடிங் செக்கர்' என்பதன் சுருக்கம் அது, வீட்டுக்குள் கொசு உற்பத்தியாகிறதா என்று பார்ப்பவர். "அம்மா, சின்டெக்ஸ் மூடியத் திறந்து காட்டுங்க" என்றார். மேலே ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. எனக்குப் பெருமை. இறங்கி வந்து ஃப்ரிட்ஜைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தச் சொன்னார். பின்னால் தண்ணீர் வடியும் தட்டு இருக்கிறதே, பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அதை நான் கழுவியதில்லை. அதிலிருந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெளிச்சத்தில் காட்டினார். நூல் துணுக்கு மாதிரி ஏழெட்டு நெளிந்தன. நடுநடுவே காற்புள்ளி வடிவத்தில் இரண்டு, குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன.

மானம் போனாலும் பாடம் கிடைத்தது. நெளிவது 'லார்வா', பன்மையில் 'லார்வே'. பேச்சு வழக்கில் 'ரிக்லர்'. கரணம் போடுவது அடுத்த பருவமான 'பியூப்பா', அதற்குப் பேச்சு வழக்கில் 'டம்ளர்'. ஆமாம், நாம் காபி குடிக்கும் அதே டம்ளர்தான். கொசு ஓரிடத்தில் 'பிறக்கிறது' என்பதை 'பார்ன்' என்று எழுதாதீர்கள், 'ப்ரீட்' என்பதே அதற்கான வினை. தேங்கிய தண்ணீர் 'ஸ்டாக்னன்ட் வாட்டர்'. நோயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமக்கும் கொசு 'வெக்டர்'. டெங்குவைச் சுமப்பது ஏடிஸ், பகலில் கடிக்கும், வீட்டைச் சுற்றியுள்ள பாத்திரங்களில் நிற்கும் தண்ணீரைத் தேடும். சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி, மேல்நிலைத் தொட்டியும் கிணறும் அதற்குப் போதும். சாக்கடையில் பெருகி ராத்திரி தூங்கவிடாமல் செய்வது க்யூலெக்ஸ். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் 'டெங்கு கொசு கூவத்திலிருந்து வருகிறது' என்று ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் எழுத மாட்டீர்கள்.

மழை நின்ற பிறகு தண்ணீர்ப் பாடம். 'பொல்யூஷன்', 'கன்டாமினேஷன்' இரண்டையும் நாம் மாசு என்றே சொல்கிறோம். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால் 'கன்டாமினேட்டட்' என்பதே பொருத்தம், கூவத்தை 'பொல்யூட்டட்' என்பார்கள். கழிவுநீர் 'சூயேஜ்', அதைக் கொண்டுபோகும் குழாய் அமைப்பு 'சூவரேஜ்', மழைநீர் வடிவது 'ஸ்டார்ம்வாட்டர் ட்ரெயின்', தொழிற்சாலை வெளியேற்றும் கழிவுத் தண்ணீர் 'எஃப்ளுயன்ட்'. குடிக்கத் தகுந்தது 'போட்டபிள்', கலங்கலானது 'டர்பிட்'. நமக்குப் பழகிய 'உப்புத் தண்ணி'யையும் உடைக்க வேண்டும். சோப்பு நுரைக்காவிட்டால் அது 'ஹார்ட் வாட்டர்'. வாயில் வைத்தால் கரித்தால் 'ப்ராக்கிஷ்'. கடலோரத்தில் போர் போட்டவர்களுக்கு இரண்டாவதும் பழக்கம். கேன் தண்ணீர்க்காரர் டிடிஎஸ் என்று ஒரு எண் சொல்வார். கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை அனுமதி. டிடிஎஸ் குறைவாக இருப்பதாலேயே தண்ணீரில் கிருமி இல்லை என்று ஆகாது. அதற்கு ஈ.கோலை சோதனை தனி, 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

தையை ஒட்டிக் காற்றுப் பாடம். போகி அன்று காலை ஜன்னலைத் திறந்தாலே தொண்டை கரகரக்கும். 2018 போகியில் புகை மூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானங்களே தடுமாறின. 'புகை' என்ற ஒரே சொல்லை இங்கே உடையுங்கள். எரிவதிலிருந்து வருவது 'ஸ்மோக்'. புகையும் பனியும் சேர்ந்தது 'ஸ்மாக்'. பெயின்ட், ஆசிட், பெட்ரோல் போன்றவற்றின் நெடி 'ஃப்யூம்ஸ்'. சட்டியின் அடியில் பிடிக்கும் கரி 'சூட்'. எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையங்களிலிருந்து வரும் நுண்சாம்பல் 'ஃப்ளை ஆஷ்'. பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ குறுக்களவு உள்ள துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு.

காற்றுத் தரக் குறியீட்டில் ஆறு சொற்கள் உண்டு: 'குட்', 'சாடிஸ்ஃபாக்டரி', 'மாடரேட்', 'புவர்', 'வெரி புவர்', 'சிவியர்'. இதில் நடுவில் இருக்கும் 'மாடரேட்' ஏமாற்றும். மிதமானது, பரவாயில்லை என்று படுகிறது அல்லவா? 101 முதல் 200 வரை அதன் எல்லை. ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், வயதானவர்களுக்கு அதிலேயே மூச்சுத் தொந்தரவு வரலாம்.

எண்ணூர் என்றதும் இன்னொரு ஜோடி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போது எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகத்தில் படகெல்லாம் கறுத்தது. அது 'ஆயில் ஸ்பில்'. அதே மாதக் கடைசியில் அதே வட்டாரத்தில் அம்மோனியா கசிந்தது. அது 'கேஸ் லீக்'. சிந்திப் பரவினால் ஸ்பில், ஓட்டை வழியாக நழுவினால் லீக்.

சித்திரை வைகாசியில் வெயில் பாடம், சீக்கிரம் முடிந்துவிடும். வேர்க்குரு 'ப்ரிக்லி ஹீட்'. உடம்பில் நீர் வற்றுவது 'டீஹைட்ரேஷன்'. கொட்டும் வியர்வையும் சோர்வுமாக இருந்தால் 'ஹீட் எக்ஸாஸ்ஷன்'. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, ஆள் தடுமாறினால் 'ஹீட் ஸ்ட்ரோக்'. ஹீட் ஸ்ட்ரோக்கைப் பார்த்தால் சொல்லைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: போர்டையும் ரிப்போர்ட்டையும் படியுங்கள்

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் தினமும் 'சானடோரியம்' என்று சொல்லி இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! அது ஊர்ப் பெயர் இல்லை. காசநோய்க்காரர்கள் மாதக்கணக்கில் தங்கி, காற்றும் வெயிலும் ஓய்வுமாகச் சிகிச்சை பெறும் இடத்துக்குப் பொதுப் பெயர். 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் நிலையம் இன்று 'தொராசிக் மெடிசின்' அரசு மருத்துவமனையாக இருக்கிறது. 'தொராக்ஸ்' என்றால் மார்புக்கூடு. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம்தான், சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவுக்குக் குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. ஒரே நகரத்தில் அந்தச் சொல் பெயராகவே நிலைத்த இடமும், அந்தச் சொல்லுக்கு வேலை குறைந்த இடமும் இருக்கின்றன. இப்படிப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்க்கும் மருத்துவமனை போர்டுகளை எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்பது என் வகுப்பின் முதல் வாரக் கைவேலை.

வீட்டில் பழைய லேப் ரிப்போர்ட் கட்டு இருக்குமே, அதுவும் பாடநூல்தான். 'நெகட்டிவ்' என்றால் தேடியது இல்லை, பெரும்பாலும் நல்ல செய்தி. ஸ்கேனில் 'அன்ரிமார்க்கபிள்' என்று எழுதியிருந்தால் மட்டம் தட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம், குறிப்பிடும்படி கோளாறு இல்லை என்று பொருள். டெங்கு சோதனையில் முதல் சில நாட்களுக்கு என்எஸ்1 'ஆன்டிஜென்', அதாவது கிருமியின் துணுக்கையே தேடுவது. பிறகு ஐஜிஎம் 'ஆன்டிபாடி', அதாவது அதற்கு எதிராக நம் உடம்பு தயாரித்ததைத் தேடுவது.

ஐந்தாம் படி: இரட்டைச் சொற்களை ஜோடியாகவே படியுங்கள்

இதற்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'கிரானிக் கிட்னி டிசீஸ்' என்று இருந்தது. ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் வீடு, நானே படித்தேன். 'அக்யூட் இல்லையே, கிரானிக்தானே' என்று எல்லோரும் மூச்சு விட்டோம். அக்யூட் என்றால் கடுமை, கிரானிக் என்றால் அதற்குக் கீழே ஏதோ ஒன்று என்று என் தலையில் பதிந்திருந்தது. நான்கு மாதம் கழித்துத்தான் சிறுநீரக நிபுணரிடம் போனோம். அவர், "இது பல வருஷமா மெதுவா நடந்துட்டிருக்கும்மா" என்றார். 'அக்யூட்' திடீரென்று வருவது, 'கிரானிக்' நாள்பட்டது. இரண்டும் காலத்தைச் சொல்கின்றன. கடுமையைச் சொல்ல 'மைல்ட்', 'சிவியர்' என்று வேறு ஜோடி இருக்கிறது. ஜலதோஷமும் அக்யூட்தான்.

இன்னும் சில ஜோடிகள். 'ஹஸார்ட்' என்பது ஆபத்து இருக்கும் பொருள், 'ரிஸ்க்' என்பது அது நம்மைத் தாக்கும் வாய்ப்பு. தெருவில் முட்டளவு தண்ணீருக்குள் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் நிற்கிறது, அது ஹஸார்ட். நீங்கள் மாடியிலேயே இருந்தால் ரிஸ்க் இல்லை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதை ஒட்டி நடந்தால் ரிஸ்க் ஏறுகிறது. நடுவில் ஒரு சொல் இருக்கிறது, 'எக்ஸ்போஷர்', அதாவது ஆட்படுவது. சுற்றுச்சூழல் சுகாதாரம் பற்றிய எந்தக் கட்டுரையும் இந்த மூன்று கால்களில்தான் நிற்கும்.

'இன்ஃபெக்ஷியஸ்' கிருமியால் வருவது, 'கன்டேஜியஸ்' ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவது. மலேரியா முதல் வகை, இரண்டாவது வகை இல்லை. தட்டம்மை இரண்டுமே.

'எலிமினேட்' ஒரு நாட்டிலோ பகுதியிலோ இல்லாமல் செய்வது, 'எராடிகேட்' உலகத்திலிருந்தே ஒழிப்பது. பெரியம்மை எராடிகேட் ஆனது. இந்தியாவுக்கு 2014 மார்ச்சில் போலியோ இல்லாத சான்று கிடைத்தது, அது எலிமினேட்.

'எண்டெமிக்' ஓரிடத்தில் எப்போதும் குடியிருப்பது, 'எபிடெமிக்' திடீரென்று எகிறுவது, 'பான்டெமிக்' நாடுகளைத் தாண்டி உலகளவில் பரவுவது. கொரோனா புண்ணியத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

ஆறாம் படி: நீளமான சொல்லைக் கூட்டுச்சொல்லாகப் பிரியுங்கள்

தமிழில் புணர்ச்சி பிரித்துப் பழகியவர்களுக்கு இது விளையாட்டு. 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'ஈமியா' என்றால் ரத்தம் சம்பந்தப்பட்டது. 'யூரியா' என்று முடிந்தால் சிறுநீர். 'ஆல்ஜியா' வலி. முன்னால் 'ஹெபடோ' ஈரல், 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'டெர்மா' தோல், 'ஆர்த்ரோ' மூட்டு. இப்போது 'ஆர்த்ரால்ஜியா'வை நீங்களே சொல்லிவிடுவீர்கள். 2006-ல் தமிழ்நாடு முழுக்க சிக்குன்குனியா வந்தபோது ஜனங்கள் 'மூட்டைப் பிடிச்சுக்கிச்சு' என்று குனிந்து நடந்தார்களே, அதுதான். சிக்குன்குனியா என்ற பெயரே தான்சானியாப் பக்கத்து மகோண்டே மொழியில் உடம்பை வளைத்து முடக்குவதைக் குறிக்கும் சொல். 'மலேரியா' இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று'. கொசு என்று தெரியாத காலத்தில் சதுப்பு நிலக் காற்றைச் சந்தேகித்து வைத்த பெயர்.

ஏழாம் படி: வேற்றுமை உருபு இடறும் இடங்கள்

தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் செய்பவை முன்னிடைச் சொற்கள், அதாவது 'ப்ரெபொசிஷன்'கள். அவை எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். தமிழோடு ஒத்துப்போவதை விட்டுவிடுங்கள். 'தூசுக்கு அலர்ஜி' என்பதில் உள்ள 'கு'வுக்கு 'அலர்ஜிக் டு' நேராகப் பொருந்துகிறது. 'காய்ச்சலிலிருந்து தேறினார்' என்பதற்கு 'ரிகவர்ட் ஃப்ரம்'. இடறுவதை மட்டும் பிடியுங்கள். 'டெங்குவால் இறந்தார்' என்கிறோம், அதனால் 'டைட் பை' என்று வாயில் வருகிறது. சரியானது 'டைட் ஆஃப் டெங்கி'. 'காலராவுக்குத் தடுப்பூசி' என்பதால் 'ஃபார்' போடுகிறோம், பொருத்தமானது 'வாக்சினேட்டட் அகெய்ன்ஸ்ட்'. 'டயக்னோஸ்ட் வித்', 'இன்ஃபெக்டட் வித்', 'அட் ரிஸ்க் ஆஃப்'. அப்புறம் 'அஞ்சு நாளா' என்பதற்கு 'சின்ஸ் ஃபைவ் டேஸ்' கிடையாது, 'ஃபார் ஃபைவ் டேஸ்'. மாநகராட்சிக்கு ஆங்கிலத்தில் புகார் எழுதிப் பார்த்தால் இவை எல்லாம் நான்கு வரியில் வந்துவிடும்: எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எத்தனை நாளாக, யார் யாருக்குக் காய்ச்சல், என்ன செய்ய வேண்டும். எழுதியதை வீணாக்க வேண்டாம், உண்மையிலேயே தேங்கியிருந்தால் 1913-க்கும் ஒரு போன் போடுங்கள், அங்கே தமிழே போதும்.

எட்டாம் படி: ஊமை எழுத்துகள்

'நிமோனியா'வும் 'சொரியாசிஸ்'ஸும் எழுத்தில் பி-யில் தொடங்கும், பி-க்கு ஒலி இல்லை. சளிக்கான 'ஃப்ளெம்' என்பதில் ஜி ஊமை. 'ஆஸ்மா' என்று சொல்ல வேண்டியதை நாம் எழுத்தைப் பார்த்து ஆஸ்துமா ஆக்கினோம், தமிழில் அது நிலைத்துவிட்டது, ஆங்கிலம் பேசும்போது மட்டும் துவை விட்டுவிடுங்கள். 'காலரா'வில் சி-ஹெச் வருவது ககர ஒலியோடு. டெங்கு ஆங்கிலக்காரர் வாயில் 'டெங்கி'. கேட்டால் திடுக்கிட வேண்டாம், நம் டெங்குதான்.

கடைசிப் படி: வீட்டிலேயே ஒரு நோயாளியைப் பிடியுங்கள்

வாரம் ஒருமுறை வீட்டில் வயதான ஒருவரிடம் உட்கார்ந்து அவருக்கு என்ன செய்கிறது என்று முழுசாகக் கேளுங்கள். குறுக்கே பேசாமல் தமிழில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதை ஒரு நிமிஷ ஆங்கிலமாகப் போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். மயக்கத்துக்கு அர்த்தம் கேட்ட பெண் தன் பாட்டியிடம் போனாள். 'கை காலெல்லாம் குடைச்சல்' என்றிருக்கிறார் பாட்டி. வகுப்புக்கு வந்து குடைச்சலுக்கு ஆங்கிலம் கேட்டாள். அரை மணி நேரம் எல்லோரும் மல்லுக்கட்டினோம். 'பெயின்' இல்லை, 'க்ராம்ப்' இல்லை, விண்விண்ணென்று தெறிப்பதுமில்லை என்பதால் 'த்ராபிங்'கும் இல்லை. ஒற்றைச் சொல் அகப்படவே இல்லை. கடைசியில் கையிலும் காலிலும் எலும்புக்குள் இருப்பது போன்ற வலி, 'எ டீப் ஏக் இன் த லிம்ப்ஸ்', என்று எழுதினாள். அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பாட்டியிடம் தமிழில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்திருக்கிறாள்.

"ராத்திரிலதான்டி ஜாஸ்தி. அத போட்டியா?" என்று கேட்டாராம் பாட்டி.